பட்டியின் நிறத்தைக் கேட்கும் பெற்றோர் பயிற்சி முறையையும் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரிலிருந்து களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை வீதியோர மதில்களில் கராத்தே, டைக்வொண்டோ, ஜூடோ, சிலம்ப வகுப்புகளின் விளம்பரங்களைக் காணலாம். எங்கள் பகுதி முஸ்லிம் ஊர்களில் சீனடியும் சிலம்படியும் தலைமுறைகளாகக் கைமாறி வந்த தற்காப்புக் கலைகள். எல்லா விளம்பரங்களும் வாக்களிப்பது ஏறத்தாழ ஒன்றையே: தன்னம்பிக்கை, ஒழுக்கம், பொறுமை, தலைமைத்துவம். இவை கிடைக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உடையைப் போட்டதால் கிடைப்பதில்லை. குறிப்பிட்ட சில பயிற்சிகளைக் குறிப்பிட்ட முறையில் செய்தால் மட்டுமே கிடைக்கும். முறை பிசகினால் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு சான்றிதழும் இடுப்பில் கட்டும் ஒரு வர்ணப் பட்டியும்தான். பயிற்றுவிப்பாளர்களாகிய நாங்கள் பெற்றோருக்கும் அதிபர்களுக்கும் சொல்ல விரும்புவது இதையே.

முதலில் விழப் பழகுவதைப் பார்ப்போம். ஜூடோவில் எறிதல் கற்பிக்குமுன் விழுதல் கற்பிக்கப்படுகிறது. பின்பக்கமாக விழும் முறையைக் குந்தியிருந்தே தொடங்க வேண்டும். நாடியை நெஞ்சோடு சேர்த்து, கண் தன் இடுப்புப் பட்டியின் முடிச்சைப் பார்த்தபடி இருக்க, முதுகை வளைத்து உருள வேண்டும். முதுகு நிலத்தைத் தொடும் அதே நேரத்தில் இரு கைகளையும் உடம்பிலிருந்து 30 முதல் 45 பாகை வரை விலக்கி, உள்ளங்கை முதல் முழங்கை வரையான பகுதி முழுவதும் ஒருங்கே படும்படி நிலத்தில் அறைய வேண்டும். மூச்சு வெளியே போக வேண்டும். பார்வை முகட்டுக்குப் போனால் பின்மண்டை அடிபடும். கைகளை 90 பாகைக்கு விரித்தால் அதிர்வு தோள்மூட்டில் இறங்கும். முழங்கை முதலில் பட்டால் முழங்கை போகும். எல்லாவற்றிலும் மோசமானது கையைப் பின்னால் ஊன்றுவது; மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் அப்படித்தான். ஊன்றுவது உடம்பின் இயல்பான பதற்றம். அந்தப் பதற்றத்தை அழித்து வேறொரு பழக்கத்தை அங்கே வைப்பதற்கு ஒரு மாதமாவது வேண்டும். குந்தியிருந்து 20 தடவை பிசகின்றி வந்த பின்பே அரை நிலைக்கும், அது சரிவந்த பின்பே நின்ற நிலைக்கும் போகலாம்.

சைக்கிளில் சரளை வீதியால் பாடசாலை போய்வரும் பிள்ளைக்கு இதன் பயனை விளக்கத் தேவையில்லை. ஆனால் எலும்பைக் காப்பதோடு இது நிற்பதில்லை. கூட்டாளிகள் பார்த்திருக்க ஒரு மாலையில் நாற்பது தடவை விழுந்து எழும் பிள்ளைக்கு, பிறர் முன்னால் பிழைவிடும் கூச்சம் மெல்லக் கழன்றுபோகிறது. வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கத் தயங்கும் பிள்ளையிடம் இந்த மாற்றத்தை மற்றெல்லாவற்றுக்கும் முன்பாகக் காணலாம். விழுந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க ஆசிரியர் இடம் கொடுத்தால், அல்லது விழுதலைத் தண்டனையாக்கினால், அது அன்றோடு கெடும்.

ஜூடோப் பாய் விலை கூடியது. இல்லாவிட்டால் தும்பு மெத்தைகளை இடைவெளி தெரியாமல் சேர்த்துப் போட்டு மேலே படங்கை இறுகக் கட்டலாம். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ உள்ள கடற்கரை மணலும் விழப் பழக நல்லது. அதே மணல் உதைப் பயிற்சிக்கு ஆகாது. சுழன்று உதைக்கும்போது ஊன்றிய பாதம் திரும்பி, குதிக்கால் எதிராளியை நோக்க வேண்டும். மணலில் புதைந்த பாதம் திரும்பாது, இடுப்பு திரும்பிவிடும், முறுக்கு முழுவதும் முழங்காலில் விழும். சொரசொரப்பான சிமெந்துத் தரையிலும் இதே ஆபத்து உண்டு. ஆகவே உதை பழகுவது மண்டபத்தின் மழமழப்பான தரையில்தான் நல்லது. வகுப்புத் தொடங்குமுன் பிள்ளைகளே வரிசையாக நின்று தரையைக் கூட்டி, கண்ணாடித் துண்டும் நெருஞ்சி முள்ளும் இல்லையென்று பார்ப்பதை ஒரு பாடமாக வைக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துச் செய்விக்கும் வேலை அல்ல அது.

அடுத்தது, தட்டினால் விடுவது. ஜூடோவில் பிடித்து அமுக்கி வைக்கும் பயிற்சியில், கீழே இருப்பவர் எதிராளியின் உடம்பிலோ பாயிலோ இரண்டு தடவை தட்டினால் பிடியை அந்தக் கணமே விட வேண்டும். கை சிக்கியிருந்தால் காலால் தட்டலாம், வாயாலும் சொல்லலாம். ‘உண்மையாகவே வலிக்கிறதா’ என்று கேட்கக் கூடாது. ஆசிரியரின் முகத்தைப் பார்த்து அனுமதிக்குக் காத்திருக்கவும் கூடாது. இரண்டாம் தட்டுவரை காத்திராமல் முதல் தட்டிலேயே கை தளர வேண்டும். 20 விநாடிப் பிடி, பிறகு ஆள் மாற்றம் என்று ஒரு வகுப்பில் ஐந்தாறு பேரோடு இதைச் செய்யும் பிள்ளை இரண்டைப் பழகுகிறது. தனக்குப் போதும் என்பதை வெட்கமின்றிச் சொல்வது ஒன்று. மற்றவர் போதும் என்றால் காரணம் கேட்காமல் நிறுத்துவது மற்றது. பகிடிவதையையும் சிறுவர் துன்புறுத்தலையும் பற்றி நாம் கருத்தரங்கு வைக்கிறோம். உடம்பாலேயே இதைப் பழக்கும் பாடம் இதைவிடத் தெளிவாக வேறொன்று எங்களுக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்து நெரிப்பும் மூட்டுப் பூட்டும் வேண்டாம்; அமுக்கிப் பிடிப்பதே போதும்.

கராத்தேயில் இதே வேலையைச் செய்வது ஒற்றை அடிச் சமர், அதாவது இப்பொன் குமித்தே. இருவரும் வணங்கி நிற்பார்கள். தாக்குபவர் எங்கே தாக்கப்போகிறார் என்பதை உரக்கச் சொல்ல வேண்டும்: ‘ஜோடான்’ என்றால் முகம், ‘சூடான்’ என்றால் நெஞ்சு. சொன்ன இடத்துக்கே, தடுக்காவிட்டால் படும் தூரத்துக்கு, அடி வர வேண்டும். தடுப்பவர் அடி கிளம்பிய பிறகே அசைய வேண்டும். இங்கேதான் பல வகுப்புகளில் பிழை நடக்கிறது. கூட்டாளிக்குப் பட்டுவிடும் என்று தாக்குபவர் ஒரு சாண் பக்கவாட்டில் குத்துகிறார். தடுக்காமலே தப்பக்கூடிய அடியைத் தடுத்துவிட்டதாக மற்றவர் நம்புகிறார். இரக்கத்தால் செய்யப்படும் இந்தப் பொய் கூட்டாளிக்குச் செய்யும் துரோகம் என்பதைப் பிள்ளைக்குப் புரியவைக்க வேண்டும். பக்கத்தில் குத்துவதற்குப் பதிலாக நேரே குத்தி, தோலுக்கு ஒரு விரல் அகலம் இருக்கும்போது நிறுத்தப் பழக்க வேண்டும். அதற்குச் செலவில்லாத வழி உண்டு. பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை நெஞ்சுயரத்தில் நூலில் தொங்கவிட்டு, முழு வேகத்தில் குத்தி, தாள் கிழியாமல் காற்றில் மட்டும் அசையும்படி நிறுத்தச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் கிழியும், அல்லது கை தூரத்திலேயே நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள அளவைக் கை கண்டுபிடிக்க வாரங்கள் ஆகும். கோபத்தை அடக்கு என்று வாயால் சொல்வதைவிட, கிளம்பிய கையை நிறுத்தும் பழக்கம் பிள்ளைக்கு அதிகம் உதவும்.

சிலம்பத்தில் தூரம் பிரதான பாடம். கம்பு பிள்ளையின் நெற்றி உயரத்துக்கு இருக்க வேண்டும். பெரியவர்களின் கம்பைச் சிறுவரிடம் கொடுத்தால் மணிக்கட்டு சோர்ந்து, சுற்று தாழ்ந்து, பக்கத்தில் நிற்பவரின் முழங்காலில்தான் முடியும். தனியே சுற்றும்போது சுற்றிலும் இரண்டு கம்பு நீளம் வெளி தேவை. வலக்கைக்கு எத்தனையோ அத்தனை இடக்கைக்கும். ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் கம்பை நீளவாட்டில் தடவி வெடிப்பும் சிலாம்பும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தனியாகச் செய்யும் அசைவுத் தொடரான காட்டாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கராத்தேயின் ஷோட்டோகான் பிரிவில் முதற் காட்டாவான ஹெயான் ஷோடானில் 21 அசைவுகள். தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். முடியாவிட்டால் எங்கோ ஓர் அடி குறுகியிருக்கிறது. யாரும் சொல்லாமலே பிள்ளை தன் பிழையைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு இது. நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் வெள்ளமும் வகுப்பை நிறுத்தும்போது, விறாந்தையில் இடத்துக்கேற்ப அடியைக் குறுக்கிக்கொண்டு நாளுக்கு 10 நிமிடம் செய்தாலே விட்டுப்போகாது.

தலைமைத்துவம் என்ற சொல் விளம்பரங்களில் மலிந்திருக்கிறது. அது வரும் வழி ஒன்றே ஒன்றுதான்: மூத்த மாணவர் இளையவருக்கு ஒரு சிறு விடயத்தைக் கற்பிப்பது. முதலில் பேசாமல் ஒரு தடவை செய்து காட்டுவது. பிறகு மெதுவாக, பெயர் சொல்லி. பிறகு இளையவர் செய்ய, ஒரேயொரு பிழையை மட்டும் திருத்துவது. மூத்த மாணவர் செய்யும் வழமையான தவறு, கண்ட ஐந்து பிழைகளையும் ஒரே மூச்சில் சொல்வது. சின்னப் பிள்ளை குழம்பி நின்றுவிடும். எது முக்கியம் என்று தெரிந்தெடுப்பதே இங்கே பயிலப்படும் திறன். உலக சுகாதார அமைப்பு பட்டியலிட்ட பத்து வாழ்க்கைத் திறன்களில் முடிவெடுத்தல், தொடர்பாடல், பிறர் நிலையை உணர்தல் ஆகிய மூன்றும் இந்தப் பத்து நிமிடத்தில் இருக்கின்றன. ஆசிரியர் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். மூத்தவரிடம் விட்டுவிட்டுத் தொலைபேசி பார்க்கக் கூடாது.

தற்காப்பு என்பதற்காகவே அனுப்புகிறோம் என்று சொல்லும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கோபமாக வருபவரிடமிருந்து இரண்டு கை தூரம் விலகி நிற்பது, திறந்த உள்ளங்கைகளை நெஞ்சுக்கு முன் வைத்து அமைதியாக, ஆனால் உரக்கப் பேசுவது, வெளியேறும் வழியைப் பின்னால் விட்டுவைப்பது ஆகிய மூன்றையும் உதைக்கு முன்னரே கற்பிக்க வேண்டும். கத்தி கண்டால் கேட்டதைக் கொடுத்துவிட்டு ஓடுவதே பாடம். கத்தியைத் தட்டிப் பறிக்கும் வித்தையைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் காட்டுவது அந்தப் பிள்ளையின் உயிரோடு விளையாடுவது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு முதலானவை தனியார் தற்காப்புரிமையை அனுமதிக்கின்றன. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேலான தீங்கு அந்த உரிமைக்குள் அடங்காது. விழுந்தவனை மிதிப்பது தற்காப்பு ஆகாது என்பதை உயர்தர மாணவர்களுக்காவது சட்டத்தின் மொழியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இப்போது, இவற்றையெல்லாம் கெடுப்பவை. முதலாவது, அவசரப் பட்டி. ஜிகோரோ கானோ 1882இல் ஜூடோவைத் தொடங்கியபோது இத்தனை நிறங்கள் இல்லை. வர்ணப் பட்டிகள் ஜூடோ ஐரோப்பாவில் பரவிய காலத்தில் பெருகியவை. சிறுவரை ஊக்குவிக்க அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் கறுப்புப் பட்டிக்கு முன் ஒன்பது பத்துத் தரங்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று மாதம் என்று வைத்தாலும் இரண்டரை ஆண்டு; வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் பிள்ளைக்கு நான்கைந்து ஆண்டு ஆவதே இயல்பு. ஒன்றரை ஆண்டில் கறுப்புப் பட்டி தருவதாகச் சொல்லும் வகுப்பில் பரீட்சைக் கட்டணம்தான் பாடத்திட்டம். தரப்படுத்தலில் யாருமே ஒருபோதும் சித்தியடையாமல் போவதில்லை என்றால் அதையும் சந்தேகியுங்கள். தோற்று, காரணம் கேட்டறிந்து, மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருவதைப் பாதுகாப்பான இடத்தில் பழகும் வாய்ப்பை அந்த வகுப்பு பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறது. சாதாரண தரப் பெறுபேறு வரும் நாளில் அந்தப் பழக்கம் இல்லாத பிள்ளைகள் எவ்வளவு உடைந்துபோகிறார்கள் என்பதை இங்கே எல்லாரும் அறிவர்.

இரண்டாவது, முரட்டுத்தனத்தைக் கண்டிப்பு என்று நினைப்பது. தண்ணீர் குடிக்க விடாமல் பயிற்றுவது மன உறுதி தராது. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் என்னும் வரண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் 4.30 மணிக்கு முன் வெளியில் தொடங்கவே கூடாது. 15, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை சில மிடறு தண்ணீர், தடித்த உடைக்குப் பதில் ரீ-சேட். தலையிடி, குமட்டல், தள்ளாட்டம் கண்டால் நிழல், ஈரத்துணி, விசிறல். சிமெந்தில் மூடிய கைமுட்டியால் தண்டால் எடுப்பதும் ஓடு உடைப்பதும் வளரும் எலும்புக்குக் கேடு. எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடுவது பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 13–15 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 15–17 வயதிலும்தான். தண்டாலைத் தண்டனையாகக் கொடுப்பதும் பிழை. உடற்பயிற்சியே அவமானம் என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் பதிந்துவிடும்.

தலையில் அடிபட்ட பிள்ளையை ‘ஒன்றுமில்லை, எழும்பு’ என்று மறுபடி இறக்கும் வழக்கம் உடனே நிற்க வேண்டும். அன்று முழுவதும் விளையாட்டு முடிந்தது. வாந்தி, கூடிவரும் தலையிடி, தடுமாறிய பேச்சு, தூங்கி வழிதல் ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் அம்புலன்ஸ் சேவையின் 1990 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். வைத்தியர் சொல்லும் வரை சமர் இல்லை. சுற்றுப்போட்டிக்காகச் சிறுவரைப் பட்டினி போட்டும் வியர்க்க வைத்தும் நிறை குறைப்பதையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். சுற்றுப்போட்டி வேண்டாம் என்பது எங்கள் கருத்து அல்ல. உலக கராத்தே சம்மேளனத்தின் விதிகளில் காயம் பட்டதுபோல் நடித்தால் தண்டம். நேர்மைக்கு விதியிலேயே இடம் உண்டு. வீட்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. தோற்ற பிள்ளையிடம் ‘நடுவர் பக்கச்சார்பு’ என்று சொல்லிக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியேறும் தகப்பன், ஆசிரியர் ஓராண்டு கட்டியதை வாசற்படியில் உடைத்துவிடுகிறார்.

மூன்றாவதை மிகவும் கவலையோடு எழுதுகிறோம். தொட்டுத் திருத்தும் கலை இது. ஆகவே பிள்ளைகளின் பாதுகாப்புக்கு எழுதிய விதி வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோர் எந்த நாளும் சொல்லாமல் வந்து பார்க்கலாம் என்றிருக்க வேண்டும். கை காலின் நிலையைத் திருத்துமுன் ‘தொடலாமா’ என்று கேட்க வேண்டும். சொல்லாலோ பயிற்சிப் பலகையாலோ திருத்த முடிந்தால் தொடவே வேண்டாம். பெண்பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பெண் பயிற்றுவிப்பாளரோ தாய்மாரில் ஒருவரோ கட்டாயம் இருக்க வேண்டும். பயிற்றுவிப்பாளர் தனியொரு பிள்ளைக்கு வட்ஸ்அப் அனுப்பக் கூடாது. செய்தி எல்லாம் பெற்றோர் உள்ள குழுவில்தான். ஏதும் நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் உண்டு என்பது சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இதைக் கேட்டால் மனம் நோகும் பயிற்றுவிப்பாளரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

பாடசாலையில் இது எதற்கு, பாடமே முடியவில்லை என்று சில அதிபர்கள் சொல்வது எங்களுக்கு விளங்குகிறது. ஆனாலும் ஒன்றை நினைவூட்டுகிறோம். கானோ ஜப்பானில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுசென்ற கிச்சின் ஃபுனாகோஷி பாடசாலை ஆசிரியர். அவருடைய ஆசான்களில் ஒருவரான அங்கோ இடோசு 1901 அளவில் ஒக்கினாவாவின் பாடசாலைகளில் கராத்தேயை நுழைத்து, 1908இல் அதை ஏன், எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று பத்து அம்சங்களில் ஒரு கடிதமும் எழுதினார். இன்றைய வடிவங்கள் பாடசாலைக்காகவே ஆசிரியர்களால் செதுக்கப்பட்டவை. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. புலமைப்பரிசில் ஆண்டு வந்ததும் பிள்ளையை முற்றாக நிறுத்தும் பெற்றோர் வாரத்தில் ஒரு நாளாவது விட்டுவைக்கட்டும். பரீட்சை மண்டபத்தில் நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடும் பழக்கம் அந்த ஒரு நாளில்தான் பிழைத்திருக்கும்.

வலயக் கல்வி அலுவலகங்களிடம் எங்கள் கோரிக்கை சிறியது. இப்போது வகுப்புகள் பெரும்பாலும் களப்புக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில். களப்புக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைக்கு மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பப் பஸ் கிடையாது. பட்டிருப்பு, மட்டக்களப்பு மேற்கு, திருக்கோவில் வலயங்களில் அயல் பாடசாலைகள் சேர்ந்த ஒவ்வொரு கொத்தணிக்கும் ஒரு பாடசாலையையாவது தெரிந்து, பாடசாலை முடிந்த கையோடு, வாரத்தில் இரண்டு நாள், 60 நிமிடம் வகுப்பு நடத்த மண்டபத்தைத் தாருங்கள். முதல் ஆண்டுக்கு விசேட உடை வேண்டாம். பாடசாலை விளையாட்டு உடையே போதும். பட்டிக் கட்டணமும் வேண்டாம். தேவை இருபது தும்பு மெத்தை, ஒரு படங்கு, ஒரு முதலுதவிப் பெட்டி, பக்கத்தில் இருக்க ஓர் ஆசிரியை. பயிற்றுவிப்பாளரின் தகுதிச் சான்று, முதலுதவிப் பயிற்சி, மேலே சொன்ன பாதுகாப்பு விதிகளில் கையொப்பம் ஆகிய மூன்றையும் அதிபர் வாங்கிக் கோவையில் வைத்த பின்பே முதல் வகுப்பு தொடங்க வேண்டும். வரும் முதலாம் தவணைக்குள் இதைச் செய்ய முன்வரும் அதிபர்களுடன் இருந்து கால அட்டவணை தயாரிக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தற்காப்புக் கலைப் பயிற்றுவிப்பாளர்கள் சிலர்,
மட்டக்களப்பு – அம்பாறை